‘பால் இல்லை’ என்று போட்ட கிரீமரில் பால் இருக்கிறது: கோப்பிக்கு வேறு என்ன விடலாம்?

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். உப்புவெளியில் வீட்டோடு சேர்த்து சில அறைகளை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுகிறீர்கள். பால் சேர்க்காத விருந்தினருக்கு உதவும் என்று திருகோணமலை டவுனில் ஒரு கிரீமர் பைக்கற் வாங்கினீர்கள். அதன் முன்பக்கத்தில் பால் சேராதது என்று பெரிதாகவும், பின்பக்கத்தில் சோடியம் கேசினேட், அதற்குப் பக்கத்தில் பால் என்று சின்னதாகவும் இருக்கிறது. எதை நம்புவது? பால் குடித்தால் வயிறு ஊதுகிற அம்மாவுக்கு இதைக் கொடுக்கலாமா? தேங்காய்ப்பால் விட்டால் கோப்பிக்கு மேலே துணுக்குத் துணுக்காக மிதக்கிறதே, அதற்கு என்ன வழி?

பின்பக்கத்தை நம்புங்கள். எப்போதும், எந்தப் பைக்கற்றிலும்.

சோடியம் கேசினேட் பாலிலிருந்து எடுக்கிற புரதம். கொழுப்பு நீக்கிய பாலில் அமிலம் விட்டு பிஎச் 4.6 அளவுக்குக் கொண்டுவந்தால் (பிஎச் என்பது புளிப்பை அளக்கிற எண், அது குறையக் குறையப் புளிப்பு ஏறும்) கேசின் என்ற அந்தப் புரதம் திரிந்து அடியில் இறங்கும். அதை வடித்து, கழுவி, சோடியம் ஹைட்ரொக்சைட்டில் கரைத்து, தூளாகக் காயவைத்தால் அதுதான் சோடியம் கேசினேட். கழுவும்போது பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனி பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடுகிறது, அதனால்தான் உற்பத்தியாளர்கள் இதைப் பால்பொருளாகக் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்காவில்கூட கேசினேட் சேர்த்த பொருளின் முன்பக்கத்தில் பால்பொருள் அல்லாதது என்று போட விடுகிறார்கள், ஆனால் பொருட்பட்டியலில் கேசினேட்டுக்குப் பக்கத்திலேயே அது பாலிலிருந்து பெறப்பட்டது என்று எழுதியே ஆக வேண்டும் என்பது சட்டம். உங்கள் பைக்கற்றில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

ஆகவே ஒருவர் பாலை ஏன் விடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறும். பால் அலர்ஜி உள்ளவருக்கு, அதாவது பால் பட்டால் தோல் தடிக்கிற, உதடு வீங்குகிற, மூச்சு முட்டுகிற ஆளுக்கு, இந்தக் கிரீமர் ஆபத்து. அலர்ஜியைக் கிளப்புவது லக்டோஸ் இல்லை, புரதம், கேசின் அதில் முக்கியமான ஒன்று. விலங்குப் பொருள் எதுவுமே தொடாத வீகன் விருந்தினருக்கும் இது ஆகாது. லக்டோஸ் மட்டும் செரிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை தராது.

அம்மாவின் விஷயம் இந்தக் கடைசி வகை மாதிரித்தான் தெரிகிறது. வயிறு ஊதுவது, இரைவது, கொஞ்ச நேரத்தில் வயிற்றால் போவது, இவ்வளவுதான் என்றால் அது பெரும்பாலும் லக்டோஸ் செரியாமை. வயது ஏற ஏற குடலில் லக்டோஸை உடைக்கிற லக்டேஸ் என்ற நொதி குறைவது நம் பக்கத்து மக்களிடம் மிகச் சாதாரணம், அதை நோய் என்றே சொல்லத் தேவையில்லை. இதில் பலர் கவனிக்காத ஒன்று அளவு. ஒரு டம்ளர் பசும்பாலில் லக்டோஸ் 10 கிராம் அளவில் இருக்கும். செரியாமை உள்ளவர்களிலும் பெரும்பாலானோர் ஒரே தடவையில் 12 கிராம் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு கப் கோப்பிக்கு இரண்டு தேக்கரண்டி பால்மா போட்டால் உள்ளே போகும் லக்டோஸ் 4 கிராம்கூட வராது. அப்படியானால் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாதது கோப்பியில் போடும் பாலா, அல்லது இரவில் குடிக்கிற முழு டம்ளர் பாலா என்று முதலில் பாருங்கள். வெறும் கோப்பியே சிலருக்கு வயிற்றைக் கலக்கும், ஒரு கிழமை பாலில்லாத கோப்பி கொடுத்துப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். தயிர் அவருக்குச் சுகமாக இறங்குகிறதென்றால் அதுவும் ஒரு அடையாளம், உறைபோட்டதில் லக்டோஸின் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன. தம்பலகாமத்து எருமைத் தயிர் ஒரு சட்டி வீட்டில் இருந்தால் சாப்பாட்டோடு கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். தோல் தடிப்பு, வீக்கம், இளைப்பு எது வந்தாலும் இந்தப் பரிசோதனையெல்லாம் வேண்டாம், நேரே டொக்டரிடம் போங்கள்.

சரி, கிரீமருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் வீட்டில் செய்கிறதும் சரிவரும். கோப்பியில் விடும் எதுவும் மூன்று வேலை செய்ய வேண்டும்: கறுப்பை வெளுக்கவைக்க வேண்டும், வாய்க்கு ஒரு தடிப்புத் தர வேண்டும், சூட்டிலும் புளிப்பிலும் திரியாமல் நிற்க வேண்டும்.

பைக்கற்றுத் தூளில் பாதிக்கு மேல் குளுக்கோஸ் சிரப்புத் தூள். சோளம் அல்லது வேறு மாப்பொருளை உடைத்து எடுத்தது, சிலதில் மோல்டோடெக்ஸ்ட்ரின் என்று இருக்கும். இனிப்பு சீனியை விடக் குறைவு என்பதால் நாக்குக்குத் தெரியாது, ஆனால் இரத்தத்தில் சீனியை ஏற்றும். அடுத்ததாக மூன்றில் ஒரு பங்கு அளவில் தாவரக் கொழுப்பு. அது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் அல்லது பாம் கொட்டை எண்ணெய், சாதாரண வெப்பத்தில் இறுகி நிற்பதற்காக ஹைட்ரஜன் ஏற்றியது. கேசினேட் 100க்கு 2 முதல் 5 பங்குதான். ஆனால் வேலையின் பாரம் முழுக்க அதன் தலையில்: ஒரு பக்கத்தால் எண்ணெயையும் மறு பக்கத்தால் தண்ணீரையும் பிடித்து, சவர்க்காரம் பிசுக்கைப் பிடிக்கிற மாதிரி, கொழுப்பின் ஒவ்வொரு துளியையும் சுற்றிப் போர்த்துகிறது. அந்தத் துளிகளை இயந்திரத்தில் அழுத்தி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக்குகிறார்கள். அவற்றில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதுதான் அந்த வெள்ளை நிறம், வேறு வெள்ளைச் சாயம் தேவையில்லை. இதை அமெரிக்காவில் கார்னேஷன் நிறுவனம் 1961இல் கோஃபி-மேட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. கிறீமையே அப்படியே தூளாக்கினால் சூடான கோப்பியில் கட்டி கட்டியாக நின்றது, அதற்குக் கண்ட வழிதான் கொழுப்பையும் புரதத்தையும் பிரித்தெடுத்துத் திரும்பச் சேர்ப்பது.

அடுத்தது டைபொட்டாசியம் பொஸ்பேட், ஈ 340 என்று சேர்மான இலக்கமாகவும் போட்டிருக்கும். கோப்பியின் பிஎச் 5 அளவில் இருக்கும். கேசின் திரிகிற 4.6 அதற்கு மிகக் கிட்ட. இந்த உப்பு புளிப்பைத் தணித்து அந்த எல்லையிலிருந்து கோப்பியைத் தள்ளிவைக்கிறது. ஈ 471 என்பது எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து நிற்க உதவும் கொழுப்புச் சேர்மானம். ஈ 551 சிலிக்கன் டயொக்சைட், தூள் கட்டிபடாமல் இருக்க. அப்படிப் போட்டும் நம் ஊர் கடற்காற்றில் திறந்த பைக்கற் கல்லாகிவிடும், இறுக்கமான போத்தலில் கொட்டி வையுங்கள். மஞ்சள் ஓடிய பால்நிறத்துக்கு பீட்டா கரோட்டின் மாதிரி ஒரு நிறம், பிறகு பால் வாசம். அவ்வளவுதான்.

ஈ 471ஐப் பற்றி இன்னொன்று. அது தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும், இலக்கத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் ஹலால் முத்திரை பார்த்து வாங்குகிறவர்கள் கிரீமரிலும் அதைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். முழுச் சைவமாக இருக்கிறவர்களும் தாவர மூலம் என்று எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

கொழுப்புக்கு வருவோம். ஹைட்ரஜன் ஏற்றியது என்று இருந்தால் அது பாதி ஏற்றியதா, முழுதாக ஏற்றியதா என்று பாருங்கள். பாதி ஏற்றிய எண்ணெயில்தான் டிரான்ஸ் கொழுப்பு அதிகமாக உருவாகும், இதயத்துக்கு அதைவிட மோசமான கொழுப்பு கிடையாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2015இல் பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் பாதுகாப்பானதல்ல என்று தீர்மானித்தது, 2018இல் உலக சுகாதார நிறுவனமும் எல்லா நாடுகளும் 2023க்குள் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை ஒழிக்க வேண்டும் என்று கேட்டது. முழுதாக ஏற்றியதில் டிரான்ஸ் மிகக் குறைவு, ஆனால் கொலஸ்ட்ரோலை ஏற்றுகிற நிறைவுற்ற கொழுப்பு அதிகம். பைக்கற்றில் டிரான்ஸ் 0 என்று இருந்தாலும் அது எத்தனை கிராமுக்கு என்று பாருங்கள். 3 கிராமுக்கு என்று கணக்குப் போட்டால் எதுவும் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் வரும், நாளுக்கு ஆறு ஏழு கரண்டி போடுகிற வீட்டில் அந்தப் பூச்சியம் பூச்சியமாக இருக்காது.

கிரீமரை யார் தொடவே கூடாது என்றால், முதலில் சிறுநீரக வருத்தக்காரர். உணவில் இயல்பாக இருக்கும் பொஸ்பரசை விட, இப்படிச் சேர்க்கும் பொஸ்பேட் உப்பு குடலில் மிக இலகுவாக, ஏறக்குறைய முழுவதுமாக, இரத்தத்தில் சேரும். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. கூடவே பொட்டாசியமும். அநுராதபுரம், பொலனறுவை, நம் மாவட்டத்தின் பதவிசிறிபுர என்று இந்த வருத்தம் பரவியிருக்கிற ஒரு நாட்டில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. கிளினிக் போகிற ஒருவர் வீட்டில் இருந்தால் அந்தப் பைக்கற்றை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களும் சீனி போடாத கோப்பி என்று நினைத்து இரண்டு கரண்டி கிரீமர் கொட்டுவதை நிறுத்த வேண்டும்.

பிறகு குழந்தைகள். 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பைக்கற் 790 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கும், அதுவும் கிடைத்தால்தான். அந்தக் காலத்தில் தேத்தண்ணிக் கடைகள் சில கிரீமருக்கு மாறின, அது வியாபாரம், விளங்குகிறது. ஆனால் சில வீடுகளில் அதையே சின்னப் பிள்ளைக்குப் பால் என்று கரைத்துக் கொடுத்தார்கள். இதில் பாலின் கல்சியமும் இல்லை, புரதமும் பேருக்குத்தான். சீனியும் கொழுப்பும் சேர்ந்த வெள்ளைத் தண்ணீர் அது. காசில்லை என்றால் பிள்ளைக்கு ஒரு முட்டை, பருப்பு, நெத்தலி கொடுக்கலாம், கிரீமர் வேண்டாம். டின்பாலும் அப்படித்தான், அதில் பாதிக்குக் கிட்ட சீனி, இப்போது சில டின்களில் பால்கொழுப்புக்குப் பதிலாக பாம் எண்ணெய்தான் இருக்கிறது, பெயரையும் இனிப்புக் கிரீமர் என்றே போட்டிருப்பார்கள்.

இனி பாலுக்குப் பதில் என்ன. நம் ஊரில் முதலில் கைபோவது தேங்காய்க்குத்தான், அது சரியான இடமும்கூட. ஆனால் கடையில் விற்கிற தேங்காய்ப்பால் மாவை எடுக்கும்போது கவனம்: பல வகைகளில் அதே சோடியம் கேசினேட் சேர்த்திருக்கிறார்கள், கரையும்போது எண்ணெய் பிரியாமல் இருக்க. தேங்காய் என்றாலே பால் கலக்காதது என்று நம்பி அலர்ஜிக்காரருக்கு அதைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பிழிந்த தேங்காய்ப்பால் ஏன் பிரிகிறது என்றால், அதில் கொழுப்பு அதிகம், அதைப் பிடித்து வைக்கிற புரதம் கொஞ்சம். அந்தப் புரதமும் 80 பாகை சூட்டுக்குக் கிட்டப் போனால் திரிந்துவிடும், கோப்பியின் புளிப்பிலும் அதற்கு நிற்கத் தெம்பில்லை. கொதிக்கிற கோப்பிக்கு மேல் கட்டிப்பாலை ஊற்றினால் இரண்டு அடியும் ஒன்றாக விழுகிறது, துணுக்கு மிதக்காமல் வேறென்ன செய்யும்.

இப்படிச் செய்யுங்கள். அரைமூடி தேங்காயைத் துருவி, இளஞ்சூட்டுத் தண்ணீர் அரைக் கப் விட்டு பிளெண்டரில் அடித்துப் பிழியுங்கள், துணியில் வடியுங்கள். முதற்பால் மட்டும் போதும். இதோடு, அரை மணித்தியாலம் வெந்நீரில் ஊறவைத்த கஜு எட்டுப் பத்தை மை போல அரைத்துச் சேர்த்து, திரும்பவும் ஒரு நிமிடம் அடியுங்கள். கஜுவின் மாப்பொருளும் புரதமும்தான் இங்கே கேசினேட்டின் வேலையைச் செய்கின்றன, கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும், தடிப்பும் வரும். ஒரு சிட்டிகையிலும் குறைவாக, கத்தி நுனியில் நிற்கிற அளவு அப்பச்சோடா போட்டால் புளிப்புத் தணியும், பைக்கற்றில் பொஸ்பேட் செய்கிற வேலை அது. கூடினால் சவர்க்காரச் சுவை வரும், பார்த்துப் போடுங்கள். இந்தப் பாலைக் கொதிக்கவிடாமல் கை பொறுக்கும் சூட்டுக்கு மட்டும் சூடாக்கி, கப்பில் முதலில் பால், அதற்கு மேல் கோப்பியை மெதுவாக, கலக்கிக்கொண்டே விடுங்கள். கோப்பியும் அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் ஆறியதாக இருக்கட்டும். நன்றாகக் கறுக்க வறுத்த கோப்பித்தூளில் புளிப்புக் குறைவு, அதில் பிரிவதும் குறைவு. இத்தனைக்குப் பிறகும் நெடுநேரம் வைத்தால் மேலே எண்ணெய்ப் படலம் கொஞ்சம் வரும், சூட்டோடு குடித்துவிட வேண்டும்.

தேங்காய் வாசம் பிடிக்காதவர்களுக்கு கஜு மட்டும் போதும், உண்மையில் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் நல்லதாகப் படுகிறது. ஒரு கைப்பிடி கஜு, ஊறவைத்து, ஒரு கப் தண்ணீரோடு நன்றாக அரைத்தால் வடிகட்டவே தேவையில்லை. கோப்பியில் திரிவது குறைவு, நிறமும் பால் விட்டதைப் போலவே வரும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்றது, கஜுவினது பெரும்பாலும் அப்படியல்ல, ஆகவே கொலஸ்ட்ரோலுக்கு மருந்து எடுக்கிறவர்களுக்கும் இது மேல். விலைதான் இடிக்கும், உடைந்த கஜு கேட்டு வாங்குங்கள், அரைக்கிறதற்கு முழுக் கஜு எதற்கு. ஆனால் கஜுவுக்கே அலர்ஜி உள்ளவர்கள் இருக்கிறார்கள், அது பால் அலர்ஜியை விடக் கடுமையாகவும் வரலாம், கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இரண்டையும் மொத்தமாகச் செய்து வைக்க நினைக்காதீர்கள். நம் வெக்கையில் தேங்காய்ப்பால் வெளியில் சில மணித்தியாலத்தில் புளித்துவிடும், பிறிட்ஜில் இரண்டு நாள். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் தேவைக்கு ஒன்றிரண்டு கட்டி எடுக்கலாம், உருகியதும் பிரிந்து நிற்கும், திரும்ப ஒரு அடி அடித்தால் சேர்ந்துவிடும்.

சோயாப்பால் புரதத்தில் பசும்பாலுக்குக் கிட்ட வருகிற ஒன்று, அம்மா பாலையே விட்டுவிடுவதானால் கல்சியம் சேர்த்த சோயாப்பால் நல்லது. ஆனால் சோயாப் புரதமும் பிஎச் 4.5 அளவில் திரியும், கோப்பிக்கு அது அவ்வளவு ஒத்துவராது. வீட்டில் செய்வதானால் அரைத்து வடித்த பாலைக் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் இருக்கிறது. பாதாம்பால் தண்ணீர் மாதிரி, விலைக்குத் தகாது.

ஓட்ஸ்பால்தான் உங்கள் வெளிநாட்டு விருந்தினர் பலர் பெயர் சொல்லிக் கேட்பது. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து 1990களில் வந்தது அது. ஓட்ஸை ஊறவைத்து அடித்துப் பிழிந்தால் வந்துவிடும் என்று காணொளிகளில் காட்டுவார்கள், ஆனால் அதைச் சூடான கோப்பியில் விட்டால் கஞ்சி போல வழுவழுக்கும், மாப்பொருள் சூட்டில் வெந்து தடிக்கிறது. தொழிற்சாலையில் நொதி போட்டு அந்த மாப்பொருளைச் சீனியாக உடைத்துவிடுகிறார்கள், சீனி போடாத ஓட்ஸ்பாலும் இனிப்பது அதனால்தான். கோப்பிக்கென்று விற்கிற பெட்டிகளில் எண்ணெயும் அதே பொஸ்பேட் உப்பும் சேர்ந்திருக்கும், சிறுநீரக வருத்தக்காரருக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். வீட்டில் செய்த ஓட்ஸ்பாலை ஐஸ் கோப்பிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தினர் விஷயத்தில் நான் உங்களிடம் கேட்பது ஒன்று. பால் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அலர்ஜியா, கொள்கையா, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததா என்று கேட்டுவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். அலர்ஜி என்றால் கிரீமரை மேசையிலிருந்தே எடுத்துவிட்டு, பால் கலக்கிய கரண்டியும் பால் காய்ச்சிய பாத்திரமும் படாமல் தனியாகக் கோப்பி போட்டுக் கொடுங்கள். தேங்காய்ப்பால் அன்று பிழிந்ததா மாவில் கரைத்ததா என்று உங்கள் வீட்டில் வேலைக்கு நிற்கிற பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பைக்கற்றுகளை எறியாமல் வைத்திருங்கள், கேட்டால் பின்பக்கத்தைக் காட்டலாம். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சீசன் மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது, அதற்கு முன் ஒருதரம் கஜுப்பாலும் தேங்காய்ப்பாலும் செய்து பார்த்து, உங்கள் கோப்பித்தூளுக்கு எது பிரியாமல் நிற்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எதுவும் சரிவரவில்லை என்றால் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட வெறும் கோப்பியும் கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுங்கள், அவருக்குச் சீனி வருத்தம் இல்லையென்றால்.